2014ஆம் வருஷத்துத் தாளைத் தேடுங்கள்

கேள்வி: ஐயா, நான் ஏற்காட்டுக்குப் பக்கத்து மலைக் கிராமத்துக்காரன். 1990இல் பீரங்கிப் படையில் சேர்ந்து, 24 வருஷம் கழித்து 2014இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். கார்கில் சமயத்தில் திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கியில் இருந்தேன். வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, 20 சதவீதம், ஆயுள் முழுக்க என்று போட்டார்கள். ஆனால் ராணுவப் பணிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிவிட்டதால் டிசெபிலிட்டி பென்ஷன் வரவில்லை. இரண்டு அப்பீலும் தள்ளுபடி. 2022இல் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டேன். இப்போது, கூடுதல் மருத்துவ ஆதாரத்தோடு ரிவ்யூ மெடிக்கல் போர்டு முன்னால் போகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேலத்தில் ஸ்கேன், காது டெஸ்ட் என்று 7,000 ரூபாய் செலவு செய்துவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு நாலு வருஷம் சேலத்தில் ஒரு தறிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தேன். அதைப் போர்டில் சொன்னால் கேஸ் கெட்டுவிடும், மறைத்துவிடு என்கிறார்கள். கேஸை வாபஸ் வாங்கிப் புதிதாகப் போடு என்கிறார் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர். தோற்றுவிட்டேனா ஐயா? அடுத்து என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஹவில்தார் அவர்களுக்கு, வணக்கம்.

வாபஸ் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். வாங்காதீர்கள். நண்பர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் ஒரு கணக்கை விட்டுவிட்டார். தர்செம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஊன ஓய்வூதியம் மறுக்கப்படுவது மாதாமாதம் தொடர்கிற குறை, அதனால் தாமதமாக வந்தாலும் கேட்கலாம், ஆனால் நிலுவைத் தொகை வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். நீங்கள் 2022இல் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்குப்படி 2019இலிருந்து உங்களுக்கு நிலுவை உண்டு. இன்றைக்கு வாபஸ் வாங்கிப் புதிதாகப் போட்டால், மூன்று வருஷம் இன்றைய தேதியிலிருந்துதான் பின்னால் போகும். இடையில் இருக்கிற வருஷங்கள் அப்படியே போய்விடும்.

அது சின்னத் தொகை என்று நினைக்காதீர்கள். கணக்குக்காக, பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் உங்கள் கடைசிச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 9,000. உங்களுக்குப் போட்டிருப்பது 20 சதவீதம். ஆனால் 50க்குக் கீழே இருப்பதை 50 ஆக உயர்த்தித் தரும் முறை ஒன்று உண்டு. அதை மருத்துவக் காரணத்தால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று துறை வைத்திருந்தது. பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப் பார்த்தால் மாதம் 4,500, வருஷத்துக்கு 54,000. உங்கள் மனுவில் இந்த உயர்த்தல் கேட்கப்பட்டிருக்கிறதா என்று வக்கீலிடம் இன்றே கேளுங்கள். கேட்காமல் விட்டிருந்தால் இப்போதே திருத்த மனு போடச் சொல்லுங்கள்.

அடுத்து, தீர்ப்பாயத்தின் உத்தரவை எடுத்துக் கடைசி இரண்டு பத்தியை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். போர்டின் அறிக்கை வந்த பிறகு வழக்கை மறுபடி விசாரிப்போம் என்று இருக்கிறதா, போர்டு நடத்தச் சொல்லி வழக்கை முடித்து வைத்திருக்கிறார்களா? முதல் வகை என்றால் வழக்கு உயிரோடு இருக்கிறது. போர்டு தப்பாக எழுதினால் அதே வழக்கில் ஆட்சேபணை போடலாம். இரண்டாவது வகை என்றால், போர்டு மறுபடி இல்லை என்று எழுதினால் புது மனுதான் வழி. அப்போது 2022ஆம் வருஷத் தேதியைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று வக்கீலோடு இப்போதே பேசிவிடுங்கள். போர்டு நடக்க வேண்டிய கெடு தேதியும் அந்தப் பத்தியில்தான் இருக்கும். அதைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

தோற்றுவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உங்கள் மனு சரியில்லை என்று நினைத்திருந்தால் தள்ளுபடி செய்து அனுப்பியிருப்பார்கள், அதற்கு ஒரு பக்கம் போதும். திருப்பி அனுப்பியதற்குக் காரணம், 2014இல் போர்டு எழுதியதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்பதுதான்.

நீங்கள் அனுப்பிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16, அதாவது 2014 போர்டு எழுதிய படிவத்தின் நகலைப் பார்த்தேன். மெடிக்கல் போர்டின் கருத்து வரும் பகுதியில் ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள். முதல் நெடுவரிசையில் நோயின் பெயர். அடுத்தது, பணியால் வந்ததா. அடுத்தது, பணியால் கூடியதா. அடுத்தது, பணிக்குச் சம்பந்தமில்லையா. கடைசியில் காரணம் எழுதும் இடம். உங்கள் தாளில் முதல் இரண்டு கேள்விக்கும் 'இல்லை', மூன்றாவதற்கு 'ஆம்'. காரணம் எழுதும் இடத்தில் ஒரே ஒரு வரி: பணிச் சூழலோடு தொடர்பில்லை. அது காரணமே ஆகாது. பக்கத்துக் கட்டத்தில் எழுதியதையே மறுபடி எழுதியிருக்கிறார்கள். 24 வருஷம் பீரங்கிப் பக்கத்தில் நின்றவரின் காது ஏன் கெட்டது என்று அந்த வரி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை வெளியாள் மாதிரி நான் சொல்லவில்லை. ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்த காலத்தில் நானும் இப்படிப்பட்ட போர்டுகளில் உட்கார்ந்திருக்கிறேன். வடக்கே ஒரு மருத்துவமனையில், குளிர்காலத்தில், ஓய்வு பெறப் போகிறவர்கள் வராந்தா முழுக்க வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு டிரைவர், முதுகெலும்பில் தட்டு விலகல். மலைப்பாதையில் எத்தனை வருஷம் மூன்று டன் வண்டி ஓட்டினாய் என்று நான் கேட்கவில்லை. 'சம்பந்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் சல்யூட் அடித்துவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்த ஒரு வரி எத்தனை பேரை எத்தனை வருஷம் அலைய வைக்கிறது என்று சேலத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் மாதிரி ஆட்களுக்கு நான் இப்போது எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். நீங்கள் 7,000 ரூபாய் கொடுத்து எடுத்த ஸ்கேனும் டெஸ்ட்டும் உங்கள் காது இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லும். போர்டு தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: 2014இல் நீங்கள் யூனிஃபார்மைக் கழற்றிய அன்று காது எப்படி இருந்தது, அதற்கு முன்னால் எப்போது குறைய ஆரம்பித்தது. இன்றைய டெஸ்ட்டை மட்டும் நீட்டினால், உங்களுக்கு வயது 50ஐத் தாண்டிவிட்டது, நடுவில் தறிக்கூடத்தில் வேலை பார்த்திருக்கிறீர்கள், அதனால் வந்திருக்கும் என்று ஒரு டாக்டர் நேர்மையாகவே எழுத முடியும். 2014ஆம் வருஷத்து ஆடியோகிராம் ஒன்று கையில் இருந்தால் அதை யாரும் எழுத முடியாது.

ஆடியோகிராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், வழக்கின் உயிரே அதில்தான். அது ஒரு கட்டம் போட்ட தாள். மேலே இடமிருந்து வலமாக 250இலிருந்து 8000 வரை எண்கள். அது ஒலியின் சுருதி, இடப்பக்கம் கனத்த குரல், வலப்பக்கம் கீச்சுக் குரல். கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு காது மந்தம். வலது காதுக்குச் சிவப்பில் வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. வயதால் காது மந்தமானவரின் கோடு, வலப்பக்கம் போகப்போகச் சரிந்துகொண்டே போகும், மேலே ஏறாது. வெடிச் சத்தத்தால் கெட்ட காதின் கோடு வேறு மாதிரி. 1000, 2000 வரை ஓரளவு சமமாக வந்து, 4000 பக்கத்தில் திடீரென்று ஒரு குழியில் விழும். அப்புறம் 8000இல் மறுபடி கொஞ்சம் ஏறும். அந்தக் குழிதான் பீரங்கி போட்ட கையெழுத்து.

அதோடு, துப்பாக்கியை வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காது சற்று அதிகமாகக் கெட்டிருப்பது வழக்கம். குழல்வாய்க்கு அந்தக் காதுதான் பக்கம், வலது காதைத் தலையே மறைத்துக்கொள்கிறது. நீங்கள் வலதுகைக்காரர் என்றால் உங்கள் தாளில் நீலக் கோடு சிவப்புக் கோட்டைவிடக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் விரல் வைத்துக் காட்டுங்கள்.

இப்போது வருஷக் கணக்குக்கு வாருங்கள். வயது ஏற ஏற 8000 பக்கமும் இறங்கிவிடும், குழி தூர்ந்துபோகும். இன்றைக்கு எடுத்த தாளில் குழி தெரியாமல் போகலாம். அதனால்தான் பழைய தாள், பழைய தாள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: மகள் 'கடைக்குப் போறேன்' என்றால் 'படைக்கா?' என்று கேட்கிறேன், வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று. அது மருத்துவ ரீதியாக மிகச் சரியான விவரம். கடை, படை, தடை, சடை, இந்த நாலிலும் உயிரொலி ஒன்றுதான், அது கனத்த சுருதியில் இருக்கிறது, உங்களுக்குக் கேட்கிறது. முதல் மெய்யொலிதான் வேறு. அந்தக் க, ப, த, ச வித்தியாசம் உயர்ந்த சுருதியில் இருக்கிறது. உங்கள் காதில் போனது அந்தப் பக்கம்தான். பேச்சு கேட்கிறது, வார்த்தை புரியவில்லை என்பது இந்த வகைக் காதுக்கே உரிய குறை. இதையும், மலைப்பாதை வளைவில் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்பதில்லை என்பதையும் போர்டில் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 'காது சரியாகக் கேட்காது சாப்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

தறிக்கூட வேலையை மறைக்கச் சொல்கிறார்கள். மறைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் பென்ஷன் கணக்கிலோ பி.எஃப். கணக்கிலோ அது எப்படியும் தெரியவரும், அன்றைக்கு நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் பொய்யாகிவிடும். சொல்லும் விதம்தான் முக்கியம். எந்த மாதம் சேர்ந்தீர்கள், எப்போது விட்டீர்கள், உங்கள் நாற்காலி எங்கே இருந்தது? வெளி கேட்டில் உட்கார்ந்திருந்தவருக்கும் நாலு தறிக்கு நடுவில் நின்று ஓட்டியவருக்கும் வித்தியாசம் உண்டு. தறிக்கூடத்துக்குள் சத்தம் ஏறக்குறைய நூறு டெசிபல் வரும், அது விடாமல் வருஷக்கணக்கில் விழுந்தால் கெடுதல்தான். பீரங்கியோ ஒரே வெடியில் 160 டெசிபலைத் தாண்டும். பாதுகாப்பில்லாத காதுக்கு 140 டெசிபல் உச்சமே ஆபத்து என்பது மருத்துவத்தில் ஒப்புக்கொண்ட அளவு. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சுட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பஞ்சு அந்தச் சத்தத்தைத் தடுக்காது. அதையும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, 20 சதவீதம் என்று 2014லேயே போர்டு எழுதிவிட்டது, தறிக்கூடம் அதற்குப் பின்னால்தான் வந்தது. தேதியே உங்களுக்குச் சாட்சி. மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

சின்ன வயதில் காதில் சீழ் வந்ததா, சர்க்கரை இருக்கிறதா, இதையெல்லாம் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள். டெஸ்ட் அறையில் பொத்தானை அழுத்தும்போது வேண்டுமென்றே தாமதிக்காதீர்கள். கூட்டிக் காட்டினால் நல்லது என்று சிலர் சொல்லித் தருவார்கள். இரண்டு முறை டெஸ்ட் எடுத்து எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அந்த அறையிலேயே நம்பிக்கை போய்விடும். பொத்தானை நம்பாமல் நரம்பின் பதிலை நேராக அளக்கும் பேரா டெஸ்ட்டும் உண்டு.

இனி சட்டத்தில் ஒரு விஷயம். முன்னாள் படைவீரர் கூட்டங்களில் தரம்வீர் சிங் தீர்ப்பைப் பற்றி நிறையப் பேசுவார்கள். 2013இல் வந்த நல்ல தீர்ப்பு. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்று, ஊன ஓய்வூதியத் தகுதி பற்றிய 1982ஆம் வருஷ விதிகளை வைத்துச் சொன்னது. ஆனால் நீங்கள் 2014இல் வந்தவர். உங்களுக்கு 2008ஆம் வருஷ விதிகள் பொருந்தும் என்று துறை வாதாடும். அந்த விதிகளில், பணிக்காலத்தில் நோய் தெரியவந்தது என்பதாலேயே பணியால் வந்தது ஆகிவிடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே 'சேரும்போது நல்லாத்தான் இருந்தேன்' என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அதைச் சொல்லுங்கள், கூடவே பீரங்கிச் சத்தத்துக்கும் உங்கள் காதுக்கும் இருக்கும் தொடர்பை மருத்துவத் தாளில் காட்டுங்கள். 2008ஆம் வருஷ விதியிலும், பொதுவாக நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் இல்லை என்றுதான் இருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்று 15 வருஷம் கழித்து, ஆவணங்கள் அழிக்கப்பட்ட பிறகு கோரிக்கை வைத்தால் பாரம் உங்கள் மேல் வந்துவிடும். நீங்கள் அதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், தப்பித்தீர்கள். உங்களோடு ஓய்வு பெற்று, காது கேட்காமல், 'நமக்கெங்கே கிடைக்கப் போகுது' என்று சும்மா இருக்கிறவர்கள் மலையில் யாராவது இருந்தால் இந்த 15 வருஷக் கணக்கைச் சொல்லுங்கள்.

பழைய தாளை எங்கே தேடுவது? முதலில் வீட்டில். டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருக்கும் பழைய பேப்பருக்குக் கீழே பாருங்கள், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் புக், வருஷாந்திர மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, ராணுவ உடற்தகுதித் தரத்தை ஷேப்-1இலிருந்து எச்-2க்கு இறக்கிய போர்டின் தாள், காது டாக்டரிடம் அனுப்பிய சீட்டு, எது கிடைத்தாலும் பத்திரம். எச் என்பது காது. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு என்று எப்போது விழுந்தது என்பது மிக முக்கியம். 1999க்குப் பின்னால் சீக்கிரமே விழுந்திருந்தால் உங்கள் கதை தானாகவே பேசும்.

வீட்டில் இல்லையென்றால் நாசிக் ரோடு பீரங்கிப் படை ரெக்கார்ட் ஆபீஸ். இரண்டு வழியிலும் எழுதுங்கள். ஒன்று, உங்கள் பெயர், படை எண், யூனிட் விவரம் போட்டுச் சாதாரண விண்ணப்பம். சேலத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மூலம் அனுப்பினால் நல்லது. இன்னொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ஒரு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைப் படிவம், எல்லா மெடிக்கல் கேட்டகரி போர்டு தாள்களும், 2014 போர்டின்போது காது நிபுணர் எழுதிய கருத்தும் அத்தோடு இணைத்த ஆடியோகிராமும். 'என் மெடிக்கல் ரெக்கார்டு எல்லாம் கொடுங்கள்' என்று எழுதினால் ஒன்றிரண்டு பக்கத்தை அனுப்பி முடித்துவிடுவார்கள். பதில் வரக் கெடு தாண்டும் போலிருந்தால் கேட்ட தேதியின் அத்தாட்சியைக் காட்டித் தீர்ப்பாயத்திடம் அவகாசம் கேட்கலாம். அந்தத் தாள்கள் அரசின் கையில்தான் இருக்கின்றன, அவற்றைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிடும்படியும் வக்கீல் கேட்கலாம்.

ஒரே பீரங்கியில் உங்களோடு நின்றவர்கள் இரண்டு பேரிடம் சத்தியப் பிரமாணம் வாங்குங்கள். அப்போது நம்பர் ஒன்னாக, அதாவது அந்தப் பீரங்கிக் குழுவின் தலைவராக இருந்த ஹவில்தார் கிடைத்தால் அவர்தான் முதல் சாட்சி. 'இவர் நல்லவர், நன்றாக வேலை செய்தார்' என்று எழுத வேண்டாம். எந்த இடத்தில், எந்த மாதங்களில், எந்தப் பீரங்கியில், இவர் என்ன வேலையில் நின்றார், ஒரு நாளைக்குச் சுமார் எத்தனை ரவுண்டு போனது, காதுக்கு என்ன கொடுத்தார்கள், சுட்டு முடித்த இரவு இவர் கூப்பிட்டால் திரும்பவில்லை, காதில் 'ங்' என்று இரைகிறது என்றார், இப்படிக் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதட்டும். போர்டு டாக்டருக்குப் பீரங்கி மேடு தெரியாது. அவருக்கு அதைக் காட்ட இவர்களை விட்டால் ஆளில்லை. எம்.எல்.ஏ. கடிதமும் ஊராட்சித் தலைவர் சான்றும் இதற்கு உதவாது, அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கடைசியாக ஒரு காது நிபுணரின் கருத்து. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ் பாலிகிளினிக் வழியாகவோ, மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். மேற்கொண்டு கைக்காசைச் செலவழிக்க வேண்டாம். ஆனால் பழைய தாள்கள் கைக்கு வந்த பிறகு போங்கள், இது முக்கியம். வெறுங்கையோடு போனால் எந்த டாக்டரும் 'இரு காதிலும் நரம்பு சார்ந்த மந்தம்' என்பதற்கு மேல் எழுத முடியாது. அது ஏற்கெனவே போர்டே ஒப்புக்கொண்ட விஷயம். பழைய ஆடியோகிராம், நண்பர்களின் பிரமாணம், போஸ்டிங் பட்டியல் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, 'இவற்றைப் பார்த்த பிறகு, இந்தக் குறை பீரங்கிச் சத்தத்தால் வந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்களா, ஏன் என்று எழுதித் தர முடியுமா?' என்று கேளுங்கள். எந்தெந்தத் தாளைப் பார்த்தார் என்பதைத் தேதியோடு அவர் குறிப்பிட வேண்டும். வயதால் வந்தது என்று ஏன் சொல்ல முடியாது என்றும் ஒரு வரி வேண்டும். அவர் மனசுக்குச் சரியென்று படாததை எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒரு பக்கம் போதும்.

போர்டு நாளுக்கு இரண்டு மூன்று விஷயம். ஆடியோகிராம் எடுப்பதற்கு முன் 16 மணி நேரமாவது பெரிய சத்தத்தில் காது படக்கூடாது. இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் போய் இறங்கி நேராகப் போர்டுக்குப் போக வேண்டாம், ஒரு நாள் முன்னாலேயே போய்த் தூங்கி எழுந்து போங்கள். காதில் அழுக்கு இருந்தால் முந்தின வாரமே டாக்டரிடம் எடுத்துவிடுங்கள். கூட மகனையோ மகளையோ அழைத்துப் போங்கள், கேள்வி காதில் விழாமல் 'ஆம்' என்று தலையாட்டிவிடும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, அங்கே அது ஆபத்து. கேட்கவில்லை என்றால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொண்டு, ஒரு பட்டியல் எழுதி, வாங்கிக்கொண்டதாக முத்திரை கேளுங்கள். போர்டு முடிந்ததும் அறிக்கையின் நகலுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஊருக்கு வாருங்கள்.

மறுபடியும் அந்த ஒரு வரியே வந்தால்? வரலாம், உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்போது நீங்கள் 2014இல் நின்ற இடத்தில் நிற்கமாட்டீர்கள். காரணம் சொல்லாத போர்டுக் கருத்தை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025இலும் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பில் காரணமில்லாத வரி, உங்கள் தரப்பில் பழைய ஆடியோகிராமும் இரண்டு சாட்சியும் நிபுணர் கருத்தும் என்றால் தீர்ப்பாயம் எடை போட்டுப் பார்க்க ஏதோ இருக்கும். வக்கீல் கட்டணம் தாங்கவில்லை என்றால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வீர் பரிவார் சகாயதா யோஜனா பற்றிக் கேளுங்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025இல் படைவீரர் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இலவசச் சட்ட உதவித் திட்டம் அது.

இன்னொன்று. கேஸ் முடியும்வரை காது மெஷின் வாங்கக்கூடாது, வாங்கினால் சதவீதம் குறைத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி இத்தனை வருஷம் இருந்திருக்கிறீர்கள். டெஸ்ட் எடுக்கும்போது மெஷினைக் கழற்றிவிட்டுத்தான் எடுப்பார்கள். சதவீதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஈ.சி.எச்.எஸ்ஸில் மெஷினுக்கு வழி இருக்கிறது. நாளை திங்கட்கிழமை, முதல் பஸ்ஸில் இறங்கி வந்து பாலிகிளினிக்கில் பெயரைப் பதிந்துவிடுங்கள். கடை என்று மகள் சொல்வது கடை என்றே உங்களுக்குக் கேட்கட்டும்.